கைவிடத் தக்கது

தண்டர் பேயில் பெப்ரவரி. இரவு இரண்டு பத்து.
நிப்பிகன் பக்கம் மரம் ஏற்றிய லொறி ஒன்று
சறுக்கிக் கம்பத்தில் மோத
கிழக்கே போகும் கண்ணாடி இழை அறுந்தது.
திரையில் முதலில் ஒரு சிவப்பு.
பிறகு எண்ண முடியாத சிவப்பு.

எய்னோ உருக்கி ஒட்டும் கருவியை
வண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னான்:
"பனி கொட்டுது கலாமதி, விடியும்."
அவன் சொன்னது தகவல்,
ஆறுதல் இல்லை.

அதுவரை எல்லாமே மாற்றுவழியால் போகவேண்டும்.
கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குத் தாவும்
பழைய நுண்ணலைப் பாதை.
தேர் போகிற வீதியை மறித்து
ஒழுங்கைக்குள் திருப்பிவிட்ட மாதிரி.

எங்கள் தொழிலின் சொற்கள் ஒரு தினுசு.
நிரந்தர மெய்நிகர் சுற்று என்பார்கள்,
நிரந்தரமும் மெய்நிகரும் ஒரே படிவத்தில்.
குடிவரவுக் கடிதங்கள் வாசித்துப் பழகியவள்,
எனக்கு அது புதிதாய் இல்லை.

வரைபடத்தின் நடுவில் ஒரு மேகம் போடுவோம்,
உள்ளே என்ன நடக்கிறது என்று
யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக.
பத்து விநாடிக்கு ஒருமுறை விளிம்பு கேட்கும்:
இருக்கிறாயா?
மேகம் சொல்லும்: இருக்கிறேன்.
மூன்று முறை பதில் இல்லையென்றால்
செத்ததாகக் கணக்கு.
எங்கள் வீட்டில் பதினொரு மாதம் காத்திருந்தோம்.

ஒவ்வொரு சட்டகத்தின் தலையிலும் ஒரு பிற் உண்டு.
அது பூச்சியமானால் பேச்சில்லை.
ஒன்றானால், நெரிசல் வரும்போது
இதை முதலில் எறி என்று பொருள்.
கையேட்டில் அதன் பெயர் கைவிடத் தக்கது.
தக்கது.
தகுதிக்கும் அதற்கும் ஒரே வேர்.

காசு கட்டிய வேகம்வரை உறுதி,
மிஞ்சினால் நெற்றியில் அந்த ஒன்று.
லொத்தர் நிறுவனம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு வாங்கியிருந்தது.
காகித ஆலை அதில் பாதி.
பட்டியலின் கடைசி வரியில் உறுதி: பூச்சியம்.
பூச்சியமும் ஒரு திட்டம்தான், விலைப்பட்டியலில் ஆக மலிவு.
அனுப்புவதெல்லாம் கைவிடத் தக்கது,
வீதி வெறுமையாய் இருந்தால் போய்ச்சேரும்.
இத்தனை வருடமும் வெறுமையாய்த்தான் இருந்தது.

வாடிக்கையாளர் பெயர் பார்த்தேன்.
மருத்துவ நிலையம், வடக்கே,
குளிரில் பனிவீதி, மற்ற நாளில் விமானம்.

தொலைபேசி அடித்தது. தாதி டெல்மா.
"படம் பாதியில் நிற்குது."
ஒரு பிள்ளையின் நெஞ்சு எக்ஸ்ரே.
ரொறன்ரோவில் மருத்துவர்
தோள்வரை பார்த்துவிட்டு மிச்சத்துக்கு இருக்கிறார்.

திரையில் கைவிட்டவற்றின் கணக்கு ஓடியது.
நாலாயிரத்து முப்பது.
நாலாயிரத்து அறுபத்தொன்று.
பிழை என்று ஒரு வரிகூட இல்லை.
சுவிச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

எண்ணை மாற்ற அனுமதி வேண்டும்.
அனுமதி தருபவரை மூன்று முறை பேஜரில் அழைத்தேன்.
மேகத்தின் சட்டப்படி அவர் செத்தவர்.

லொத்தரிலிருந்து அறுபத்துநாலு எடுத்தேன்.
இந்த நேரத்தில் யார் சீட்டுக் கிழிக்கப்போகிறார்கள் என்பது
பிறகு கண்டுபிடித்த காரணம்.
அப்போது யோசிக்கவில்லை,
பூச்சியத்தை அழித்துத் தட்டினேன்.

கணக்கு நின்றது.

டெல்மா வைக்கவில்லை, மூச்சு கேட்டது.
"வருது," என்றாள்.
"விலா எலும்பு வருது."
கொஞ்சம் பொறுத்து, "இந்தா, அடிவரை."
பிறகு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்,
அவளுக்கு வேலை இருந்தது.
அந்தப் பிள்ளையின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எட்டரைக்கு எய்னோ
கடைசி இழையையும் ஒட்டி முடித்தான்.
சிவப்பெல்லாம் பச்சையானது.
பதிவேட்டில் 'மாற்றங்கள்' என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அடுத்த மாதம் பில் பகுதியிலிருந்து ஒரு தாள்:
மேற்படி வாடிக்கையாளர்
ஒப்பந்தத்துக்கு மேல் அறுபத்துநாலு பாவிக்கிறார்,
உடன் திருத்தவும்.

மேசையில் ஏற்கெனவே நெரிசல்.
தாளின் தலையில், இடது மூலையில்,
பென்சிலால் ஒரு ஒன்று போட்டேன்.