மிச்சம் சுழி

எழுபத்து மூன்று லட்சத்துப் பதினாலாயிரத்து
ஐந்நூற்று இருபத்தைந்து.
பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்.
மூன்று தரம் எண்ணிவிட்டேன்.
மூன்றாம் தரம் விரலில் தொட்டுக்கொள்ள எச்சில் இல்லை.

இருபத்தைந்தும் முப்பத்தைந்தும் எழுபத்தைந்தும்
ஒரே நாளில் வெறுங்காகிதமான பிறகு
பெகு அரிசி ஆலைக்கு வருகிற பெரிய நோட்டு
நாற்பத்தைந்து, இல்லாவிட்டால் தொண்ணூறு.
சில்லறைக்குப் பெட்டி வேறு, பேரேடு வேறு.

தொண்ணூறு என்ற சொல்லுக்குள்
நூறு உட்கார்ந்திருக்கிறது.
கையில் வாங்கினால் பத்து குறைகிறது.

ஏழும் மூன்றும் பத்து, ஒன்றும் நாலும் ஐந்து,
ஐந்து இரண்டு ஐந்து பன்னிரண்டு,
ஆக இருபத்தேழு. இரண்டும் ஏழும் ஒன்பது.
வேறு எதுவாக இருக்க முடியும்?
இந்த நோட்டுகளை எப்படிக் குவித்தாலும்
ஒன்பதின் வயிற்றில்தான் போய் விழும்.

மத்தியானம், பொரித்த சுரைக்காய் சுற்றி வந்த
எண்ணெய்க் காகிதத்தின் காய்ந்த ஓரத்தில்
அதை உடைத்துப் பார்த்தேன்.
ஒன்பதை எடுத்தேன், இருபத்தைந்தை எடுத்தேன்.
மிச்சம் முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூற்று ஒன்பது.
ஏழு நுழைந்து பார்த்து ஒன்றை மிச்சம் வைத்தது.
பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும்
பல் பதியவில்லை.
பத்தொன்பது கடித்தது.
பிறகு இருபத்தொன்பது, ஐம்பத்தொன்பது.
இனி உடையாது.
எல்லாம் ஒன்பதை வாலில் கட்டிக்கொண்டவை,
அந்த இருபத்தைந்தைத் தவிர.
அது செத்த நோட்டு.

பேரேடு சொல்வது வேறு:
எழுபத்து மூன்று லட்சத்து நாற்பத்தோராயிரத்து
ஐந்நூற்று இருபத்தைந்து.
இடைவெளி இருபத்தேழாயிரம் கியாட்.

ஒன்றும் நாலும் இடம் மாறி உட்கார்ந்தால்
சரியாக இருபத்தேழாயிரம் வரும்.
தொண்ணூறில் மூன்று கட்டை
யாரோ சட்டைக்குள் செருகினாலும்
சரியாக இருபத்தேழாயிரம் வரும்.
ஒன்பது ஒன்பதாகத் தள்ளிச் சரிபார்க்கும் வித்தைக்கு
கை தவறியதும் கை வைத்ததும் ஒன்று.
இரண்டுக்கும் மிச்சம் சுழி.

ஜூலைப் பக்கங்களை எழுதியவன் மவுங் சோ.
நாலை எப்போதும் அவசரமாக எழுதுவான்.
ஆகஸ்டில் ஆலையை மூடிய அன்று
சைக்கிளில் போனவன். தெருவில் நின்றவர்களுக்குச்
சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தான் என்று
யாரோ சொன்னார்கள். அரிசிக்கு யார் பணம் கொடுத்தது என்று
யாரும் சொல்லவில்லை.
துண்டுச் சீட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது.
அவன் குடை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

நாளைக் காலை ரயிலில் ரங்கூனிலிருந்து
தணிக்கைக்கு ஊ தௌங் மியின் வருகிறார்.

சிவப்பு மையைத் திறந்து
“இலக்கம் இடம் மாறியது” என்று
பர்மிய எழுத்தில் எழுதினேன்.
கையெழுத்து மட்டும் தமிழில் வந்துவிட்டது:
இ. பாக்கியவதி.
பொய்யா என்று எனக்கே தெரியாது.
எண்ணைக் கேட்டால் அது தன் வகுத்திகளை மட்டும் சொல்லும்.

கிளம்பும்போது மழை இல்லை.
இருந்தும் குடையை எடுத்து, விரித்து,
தூசி தட்டி,
அதே ஆணியில் மாட்டினேன்.