எந்தக் கையால்

ஒஷாவாவில் எனக்கு ஒரு வான்,
இருநூற்றுச் சொச்சம் வெட்டாத சாவிகள்,
பன்னிரண்டு வருடத் தொழில்.
இணையத்தில் மட்டும் என் கடை
ஷட்டர் இறக்கியே கிடந்தது.

மச்சானின் மகன் சும்மா செய்து தந்தது அது.
முகப்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரன்
பல்லெல்லாம் தெரிய
சாவியைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.
தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் பிழை.
திருத்தச் சொன்னேன். பரீட்சை என்றான்.
பிறகு வேலை கிடைத்து வன்கூவர் போய்விட்டான்.
ஒரு வருடமாய் என் அழைப்புகளை
நாய் குளிப்பாட்டும் கடையொன்று எடுத்துக்கொண்டிருந்ததாம்.

ஐந்து டொலர்ப் பூட்டை வாங்கிப் போட்டவர்கள்தான்
பிறகு எனக்கு இருநூறு தருகிறவர்கள்.
இது தெரிந்த மனிதன்தான் நான்.

முதலாமவர் ரொறன்ரோவிலிருந்து வந்தார்,
பனிக்குள் கூர்ச் சப்பாத்தோடு.
சாவி ஒன்று பறந்து வந்து, சுழன்று,
பொன்னாய் உருகி, என் கடைப்பெயராய் உறைந்தது.
"தேடினால் முதலாவதாக வருவீர்கள், உத்தரவாதம்."
உடைக்கவே ஏலாத பூட்டு என்று
எனக்கு விற்க வருகிறவர்களும்
இதே குரலில்தான் பேசுவார்கள்.
கோப்பிக்கு நானே காசு கொடுத்தேன்.

இரண்டாமவர் மலிவு. மாதம் எண்பது.
எல்லாம் அவர் பெயரில் இருக்கும்,
நிறுத்தினால் எல்லாம் மறையும்.
வீட்டைக் கட்டிவிட்டுச் சாவியைத்
தன் இடுப்பில் செருகிக்கொள்ளும் மேசன்.

மரிசெல் ஒன்றும் காட்டவில்லை. கேட்டாள்:
யார் உங்களைக் கூப்பிடுகிறார்கள்?
எத்தனை மணிக்கு?
எந்தக் கையால்?

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
மைனஸ் பத்தொன்பதில் என்னை வெளியே நிறுத்தி
"கையுறையைக் கழற்றுங்கள்.
உங்கள் தளத்தைத் திறந்து
உங்களையே கூப்பிடுங்கள்" என்றாள்.

வெள்ளைக்காரன் தலைமயிரிலிருந்து
மெல்ல மெல்ல இறங்கி வந்தான்.
பல் தெரிவதற்குள் என் பெருவிரல் செத்துப்போயிற்று.
பற்றரி பன்னிரண்டிலிருந்து ஏழு.

"இப்போது மாலை ஐந்து மணி," என்றாள்.
"உங்கள் காலில் சப்பாத்து இருக்கிறது."

சிம்கோ வீதியில் ஒருத்தி, போன தை மாதம்,
இரவு உடுப்போடு, துவாயில் சுற்றிய பாதத்தோடு.
உள்ளே குழந்தை.
அவளுக்கு என் எண் கிடைத்தது
பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்திலிருந்து.

நாலாயிரத்து அறுநூறு. பாதி முன்பணம்.
வானின் கியர்பெட்டிக்கென்று வைத்த காசு.
யசோதினி ஒப்பந்தத்தை விளக்கடியில் பிடித்து
நெடுநேரம் வாசித்தாள். ஒன்றுதான் கேட்டாள்:
"சாவி ஆரிட்ட இருக்கும்?"
எங்களிட்ட.
"எழுதித் தந்தவவோ?"
ஓம்.
பேனையை அவளே எடுத்துத் தந்தாள்.

முப்பத்தொரு சேவை எழுதிக் கொடுத்தேன்.
மூன்றை வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கோபித்திருந்தேன்.
பல்லுக்காரனைத் தூக்கிவிட்டு என் கையைப் படமெடுத்தாள்,
உளி வெட்டிய தழும்போடு.
பிறகு கேட்டாள்: "யார் இந்த பாப்?"

கடைக்கு நான் வைத்த பெயர்.
வாயில் நுழையட்டும் என்று.
பாப் வரவில்லையா என்று வாசலில் கேட்பார்கள்,
நித்திரை என்பேன்.
அவள் ஒன்றும் வற்புறுத்தவில்லை.
இடம் மட்டும் விட்டு வைத்தாள்.
மூன்றாம் நாள் அந்த இடத்தில்
குகநேசன் என்று போடச் சொன்னேன்,
தொலைபேசி எண்ணைவிடச் சின்னதாக.

வான் இன்னமும் இரண்டாம் கியரில் உதறுகிறது.
பத்தொன்பது நாள் ஒரு சத்தமுமில்லை.
வேலை செய்கிறதா என்று பார்க்க
நானே என்னை இரண்டு தரம் கூப்பிட்டேன்.
மரிசெல்லைத் திட்டியும் கொண்டேன், மனதுக்குள்.

இருபதாம் இரவு, இரண்டு நாற்பது.
காற்றின் இரைச்சலுக்குள் ஒரு கிழவனின் குரல்
திரையைப் பார்த்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது:
குகா... குகனே...

பரவாயில்லை ஐயா, என்றேன்
ஒரு கால் காற்சட்டைக்குள்,
முதலில் வீதியின் பெயரைச் சொல்லுங்கள்.