நூல் எந்தப் பக்கம்

அம்பத்தூரில், தண்ணீர்த்தொட்டி அச்சுகளுக்கு நடுவே
ஞாயிறு ஞாயிறாக வார்த்த ஃபைபர் கூடு.
விரால் மூக்கு, நீண்ட வால்.
உள்ளே புதுப்பேட்டையில் எடைக்கு வாங்கிய
முந்நூற்றைம்பது சிசி, ரேடியேட்டர் இல்லாத ரகம்:
காற்று பட்டால் பிழைக்கும்,
படாவிட்டால் தன் எண்ணெயில் தானே பொரியும்.

காற்றை ஏய்க்கத்தான் கூடு.
காற்றில்லாமல் ஆகாது இஞ்சினுக்கு.
இந்த இரண்டு பேருக்கும் நடுவே
பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தவள் நான்.

மூக்கில் உள்ளங்கை அகலத் துளை போட்டேன்.
பிளக்கடியில் கட்டிய வெப்பமானி
இருநூற்று நாற்பது என்றது.
துளையைப் பெரிதாக்கினேன்.
இருநூற்று நாற்பத்தெட்டு.
ஜக்கரியா சிரித்தான்:
"மலச்சிக்கல்காரனுக்கு இன்னும் நாலு இட்லி வெக்கிறே."

வாலருகே வழி விட்டிருக்கிறேனே என்றேன்.
விட்டிருக்கிறாய். போகிறதா?

ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்தோம்
(இந்த ஊரில் அதற்கு வேறென்ன வேலை).
விரல் நீளச் சிவப்பு நூல்கள்,
கூடெங்கும் டேப் போட்டு ஒட்டி
விடிகாலை, நெமிலிச்சேரி தாண்டி வெளிவட்டச் சாலை.
பக்கத்து ஸ்கூட்டரில் ஜக்கரியா,
பின்சீட்டில் அவன் மைத்துனன் போனும் கையுமாக.

எழுபதில் எல்லா நூலும் பின்னால் படுத்தன.
வெளிவழி விளிம்பில் மட்டும் ஏழு நூல்
உள்ளே தலையை விட்டுக் கிடந்தன.
போவதற்கென்று நான் வெட்டியதில்
வந்துகொண்டிருந்தது காற்று.
உள்ளே முட்டிக்கொண்டு நின்றன இரண்டும்,
மாலை ஆறுக்குக் கிண்டியில்
மின்சார ரயில் வாசலில்
இறங்குகிறவனும் ஏறுகிறவனும் போல.

எண்ணெய் டின் தகட்டில் ஓர் உதடு,
இரண்டு விரற்கடை,
வழிக்கு முன்னால் நிமிர்த்தி ரிவெட் அடித்தேன்.
காற்று அதைத் தாண்டிக் குதித்தால்
பின்னால் ஒரு பள்ளம் விழும்,
உள்சூட்டை அது உறிஞ்சும் என்பது கணக்கு.
சிலிண்டர் துடுப்புகளை ஒட்டி ஒரு மடிப்பும்,
சும்மா போகப் பார்க்கும் காற்றை மடக்க.

மறுவாரம் ஏழும் வெளியே நாக்கு நீட்டின.
நூற்றுத் தொண்ணூறு.
ஜக்கரியா ஹார்னிலிருந்து கையெடுக்கவே இல்லை.

திரும்பும்போது மணி ஒன்பது, மே மாதம்,
பாடியில் சிவப்பு விழுந்தது.
சிக்னலில் எண் இறங்குகிறது,
வெப்பமானியில் ஏறுகிறது.
நிற்கிற வண்டிக்கு உதடும் இல்லை, கணக்கும் இல்லை.
நூல்கள் தொங்குகின்றன.
சாவியைத் திருப்பினேன்.

"இன்னாம்மா இது, ராக்கெட்டா?"
பக்கத்து ஆட்டோக்காரர்
தனக்கு விசிறிக்கொண்டிருந்த அட்டையை
மூக்குத் துளைக்கு நேரே இரண்டு தரம் வீசினார்.

திரும்பி நூலைப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.