மலை வருது

தெமட்டகொடையில் டயர் கடைக்கு மேலே,
மணித்தியாலத்துக்கு ஆயிரத்து எண்ணூறு.
சுவரெல்லாம் முட்டை மட்டை,
ஜன்னலுக்குப் பாதியாய் வெட்டிய மெத்தை.
ஆனாலும் கொம்பிரசர் கேட்கும்.
கீழே ஒருவன் லொறிக்குக் காற்றடிக்கத் தொடங்க
பசிந்து ட்றம்ஸை நிறுத்துவான்,
குச்சியைக் காதில் செருகிக்கொண்டு கேட்பான்:
பெரிய சில்லா, சின்னச் சில்லா?
பெரியதென்றால் பிளேன்ரீ குடிக்க நேரமிருக்கும்.

முதல் அல்பத்தில் கோபம் தாராளம்.
ஒன்பது பாட்டிலும் ஒரே ஆளைத் திட்டினோம்,
அது யாரென்று கடைசிவரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
இப்போது எனக்குக் காப்புறுதிக் கம்பனியில் மேசை,
ஜுனூஸுக்கு இரட்டைப் பிள்ளைகள்,
கெல்வினின் தொண்டையில் வைத்தியர் கண்ட சிறு முடிச்சு.

மின்வெட்டு அட்டவணைதான் எங்கள் தயாரிப்பாளர்.
ஆறு மணிக்கு வெட்டென்றால்
ஐந்து ஐம்பத்தெட்டுக்குள் சோலோ முடியவேண்டும்.
நாலாவது பாட்டில் முடியவில்லை.
மூன்று நிமிடம் பதினொரு செக்கனில்
கிற்றார் படியில் கால்வைக்கப் போகும், படி இருக்காது.
கணினிக்கு மட்டும் பற்றரி இருந்தது.
இருட்டுக்குள் பசிந்து அடித்துக்கொண்டே இருந்தான்.
அப்படியே விட்டோம்.

ஏழாவது என்னுடையது. தமிழில்.
கெல்வினின் தமிழ் பஸ்ஸில் ஏறவும் இறங்கவும் காணும்,
அதனால் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
"மழை வருது" என்பது பல்லவி.
வெள்ளவத்தைக் கால்வாய் எங்கள் வாசலுக்கு வந்து
அப்பா பிரிஜ்ஜைக் கதிரைகளின் மேல் ஏற்றிய இரவு அது.
அவன் பாடினான்: மலை வருது.
ழ, என்றேன். நாக்கை மடி.
ள என்றான். ல என்றான். ஒருமுறை ர என்றான்.
ஜுனூஸ் சிரித்தான்:
உங்கட ஆக்களே பாதிப்பேர் மளை எண்டுதானே சொல்லுறீங்கள்.
உண்மை. எங்கள் வீட்டிலும் மளைதான்.

பதினான்காவது தடவை
முடிச்சு உரசிக் குரல் கிழிய
மலை வருது, மலை வருது என்று அவன் அலற
பாஸின் தடித்த கம்பியில் என் விரல் நின்றுபோயிற்று.
தண்ணீர் வந்தால் கதிரையில் ஏறலாம்.

என்ன அர்த்தம், பசிந்து சிங்களத்தில் கேட்டான்.
கந்த எனவா, என்றேன்.

அவன் மீதொட்டமுல்லைக்காரன்.
வருஷப் பிறப்பன்று, பாற்சோற்றுத் தட்டு மேசையில் இருக்க,
குப்பை மலை இறங்கி வந்த ஒழுங்கை.
ஒன்றும் சொல்லவில்லை.
காதிலிருந்த குச்சியை எடுத்தான்.
திருப்பி, என்றான். அதையே.
அன்று கொம்பிரசர் எங்களுக்குக் கேட்கவில்லை.

உறை அச்சடித்தது மருதானையில்.
பிழைதிருத்தும் இரத்தினசபாபதி நல்ல மனிதர்,
தானாகவே போன் எடுத்தார்:
பிள்ளை, ஏழாவதில ஒரு எழுத்துப் பிழை கிடந்தது,
திருத்திப்போட்டன், காசு வேண்டாம்.
முந்நூறு உறை.
வெளியே மழை, உள்ளே மலை.

பசிந்து கறுப்பு மார்க்கரோடு வந்திருக்கிறான்.
அவனுக்குத் தமிழ் எழுதத் தெரியாது.
இதை எப்படி அதுவாக்குவது என்று கேட்கிறான்.
தினக்குரல் தாளின் ஓரத்தில் வரைந்து காட்டுகிறேன்,
இங்கே மறை, இங்கே வளை.
கரண்ட் ஒன்பதுக்குப் போகும்.
இதுவரை நாற்பத்தொன்று.