ரவை

அம்மாவின் கையெழுத்தில் மூன்று பேணிகள்:
சீனி. பருப்பு. ரவை.
முதலிரண்டும் காலி.
மூன்றாவதைத் தூக்கப்போய் மணிக்கட்டு பிசகிற்று.

ஈய ரவை. ஆறாம் நம்பர்.
கடுகைவிடக் கொஞ்சம் பருமன்.
அள்ளினால் விரலிடுக்கால் ஓடி
உள்ளங்கையில் பென்சில் கறை விட்டுப்போகிறது.

கொட்டாஞ்சேனை வீட்டை வாங்கியவர்
வெள்ளிக்கிழமை திறப்புக் கேட்கிறார்.
சுங்கக் கந்தோர் பிலேந்திரன் எனக்கென்று விட்டது
கட்டிலுக்கடியில் ஒரு தேயிலைப் பெட்டி:
வெடித்த தொப்பியைக் குத்தி வெளியேற்றும் ஊசி,
மருந்தை இடித்து இறுக்கும் மரத்தடி,
கம்பளி வட்டுகள், பச்சை பிடித்த பித்தளைக் கூடுகள்,
கம்பியில் ஒட்டிய அரைக்கூட்டுக் கரண்டி,
ஒரு சின்னத் தராசு.
(என் முதல் பால்பல்லை அதில் நிறுத்தார்.
இரண்டு தொப்பியும் ஒரு ரவையும்.)

சனி விடியமுன் ஜுனைதீன் மாமாவின் கார் வந்து நிற்கும்.
முத்துராஜவெலச் சேற்றில் உள்ளான் சுட.
அதற்கு வெள்ளி இரவே
சாப்பாட்டு மேசையில் கடுதாசி விரிப்பார்.
தொப்பி, மருந்து, வட்டு, ரவை,
மேலே மூட ஒரு மட்டை வட்டம்,
கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகு சுற்றிவர.
நாங்கள் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம்.

மட்டைக்குக் காசு கொடுக்க மாட்டார்.
கிறிஸ்மஸ் வாழ்த்துகளை வெட்டினார்:
ஒரு வட்டத்தில் சம்மனசின் முழங்கை,
ஒன்றில் ஆட்டின் காது.
அடியில் இன்னும் சில. சிவப்பு மை.
*கணிதம் 31.*
எண்பத்தொன்றில் தொலைந்த என் தேர்ச்சி அறிக்கை!
பள்ளிக்கூடம் கேட்டபோது
கறையான் தின்றது என்று கடிதம் கொடுத்தவர்.
தமிழையும் சமயத்தையும் ஏற்கெனவே சுட்டுவிட்டார் போல,
அவை இல்லை.

எண்பத்து நாலில் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தார்.
ரசீது மடிப்பில் கிழிந்து
ஒட்டுத்தாளால் பிழைத்திருக்கிறது.
பெட்டியை ஏன் கொடுக்கவில்லை?
மறந்தாரா, துவக்கு திரும்பிவரும் என்று இருந்தாரா,
கேட்க நினைத்த ஆண்டுகளில்
கேட்கக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை.

தொண்ணூற்றாறு. இரவு இரண்டு மணி. சோதனை.
பெட்டி கூரைக்குள். ரவைக்கு அங்கே இடமில்லை.
குசினித் தட்டில் கைவைத்த பொடியன் கேட்டான்:
“மேக்கே மொனவத?”
“ருலங்” என்றாள் அம்மா.
சிங்களத்தில் அது பொய்.
தமிழில் அவள் எழுதி ஒட்டியிருந்ததோ அப்பட்டமான உண்மை.
அவன் பேணியைத் தூக்கினான்.
கனத்தை அவன் கை அறிந்திருக்கும்.
அம்மாவைப் பார்த்தான்.
பெயர் முன்னுக்குத் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டுத்
தண்ணீர் கேட்டான்.

மெல்போர்னிலிருந்து றொட்னி:
*எல்லாத்தையும் கடலில போட்டுத் துலை.*
மருந்தை வாளித் தண்ணீரில் ஊறவிட்டேன்,
தொப்பிகளைத் தேங்காயெண்ணெயில்.
ஈயத்தை முகத்துவாரத்தில் வலைக்காரர் ஒருவர்
உருக்கிக் குண்டு வார்க்க எடுத்துக்கொண்டார்,
பதிலுக்கு இரண்டு பாரை.
பொரித்துத் தின்றேன். நன்றாயிருந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது.
அடைத்து முடித்த தோட்டா.
மெழுகு வெடிக்கவில்லை. மூடியில் சிவப்பு மை:
*முன்னேற்றத்திற்கு இடமுண்டு* என்றதில்
வெட்டுக்குள் அகப்பட்டது *இடமுண்* மட்டும்.
அதை நீரில் போட மனம் வரவில்லை.
வைத்திருக்கத் துணிவும் வரவில்லை.

பொலிஸ் நிலையத்தில் பெண் கொன்ஸ்டபிள்,
என் மகளைவிட இளையவள்,
பேனா மூடியால் அதை உருட்டிப் பார்த்தாள்.
பேர் எழுதினாள். விலாசம் எழுதினாள்.
“துவக்கு எங்கே?”

ஒட்டுத்தாள் போட்ட ரசீதை மேசையில் விரித்தேன்.
“உங்களிட்டத்தான்.”