ஷுவைக், பகல் இரண்டு மணி

'டக்' என்று பிடிக்கிறது கிளட்ச்.
எண்ணுகிறேன். பதினொன்றில்
'டக்' என்று விட்டுவிடுகிறது.

மீன் வேன் சவரிராயன்
சட்டைக் காலரால் முகம் துடைக்கிறான்:
"சுவிட்ச் போச்சுண்ணே,
ரெண்டு வயரையும் சேத்து முறுக்கிடு."
முனைகளைப் பல்லால் சீவி
ஒரு துண்டு வயர்கூடக் கொண்டுவந்திருக்கிறான்.

போகவில்லை அது.
கட்டைவிரல் தண்டி பித்தளைக்குள்
காசைவிடச் சின்னதாய் ஒரு தகடு.
கேஸ் ஒழுகி அழுத்தம் இறங்கினால்
தொடுப்பைப் பிரிக்கும்,
எல்லை மீறி ஏறினாலும் பிரிக்கும்.
இடையில் இருக்கும்வரை
இருப்பதே தெரியாது.
முறுக்கிவிட்டால் சும்மா இருக்கும்;
குழாய்தான் சொல்லும், வெடித்து.

கேஜ் மாட்டினேன்.
சிவப்பு முள் நானூறைத் தொட,
'டக்.'

குனிந்து பார்த்தேன்.
கண்டென்சர் கண்ணெல்லாம் புழுதிக்காற்றின் மண்,
நடுவே ஒரு வெட்டுக்கிளி,
சுற்றாத ஃபேன்.

"அந்த வயரைக் கொடு."
நீட்டினான், சிரிப்போடு.
பேட்டரியிலிருந்து நேரே ஃபேனுக்குக் கொடுத்தேன்.
தும்மிக்கொண்டு சுற்றியது;
மண் என் வாயில்.

"ரிலேதான். ஒன்றரை தினார்.
முதலாளியிடம் ரெண்டு என்று சொல்லாதே."

முள் இறங்குகிறது.
கிளட்ச் பிடிக்கிறது.
பத்து, பதினொன்று,
பன்னிரண்டு.
பின்னால் ஐஸ் பெட்டியில் நெய்மீன்.
சவரிராயனும் உதடசைத்து எண்ணுகிறான்,
நாற்பத்தேழு,
நாற்பத்தெட்டு.