இரண்டாம் பதிப்புக்குத் திருத்தங்கள்

பதினேழாம் பக்கத்தில் பூநாரை
பூனாரை என்று விழுந்திருக்கிறது.
"ஒரு எழுத்துத்தானே" என்றார்
கஸ்தூரியார் வீதி அச்சகத்து நவரத்தினராசா,
"பறவைக்கு வாசிக்கத் தெரியுமே?"
தெரியாது.
ஆனால் சாவகச்சேரியிலிருந்து ஒருவர்
இது பூனையும் நாரையும் கலந்த சாதியோ என்று
தபாலட்டை போட்டிருக்கிறார்.
முத்திரை ஒட்டி விடை எழுதினேன்.

இருபத்துமூன்று. "ஒல்லாந்தர் காலக் கிணறு."
கல்லில் படிந்த பாசியைப் பார்த்து
நூற்றாண்டு சொன்னவன் நான்.
தோட்டக்காரர் மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவில் நின்றபடியே,
"ஐம்பத்தெட்டில என்ர அப்பர் வெடி வைச்சுக் கிண்டினது தம்பி,
பெர்மிட் துண்டும் கிடக்கு, பாக்கிறியோ?"
பார்த்தேன்.
பாதியைக் கறையான் தின்றிருந்தது.
மிச்சப் பாதி ஒல்லாந்தரைத் தின்றது.

முப்பது. சோளகம் வைகாசியில் என்று போட்டிருந்தேன்.
இந்த வருடம் சித்திரை பத்திலேயே வந்து
என் தொப்பியைக் கொண்டுபோய்
உமரிப் பற்றைக்குள் போட்டது.
இப்படியான இடங்களில் எல்லாம்
"பெரும்பாலும்" சேர்க்கவேண்டும்.
எண்ணினேன், பதினான்கு பெரும்பாலும்.
நவரத்தினராசா சொல்லுக்குக் காசு கேட்பதில்லை,
பக்கம் கூடினால் மட்டும் முகம் மாறும்.

நாற்பத்தொன்றுக்கு வருகிறேன்.
வர விருப்பமில்லை.

அரியாலைக்குக் கிழக்கே, விடிய ஆறு மணி.
களங்கட்டித் தடிகளும் நாரைகளும். படம் என்னுடையது.
வலது ஓரத்தில் தனியே ஒரு தடி.
தடி என்றால் ஆளுயரம்,
முக்கால்வாசி தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.
அந்தக் கணக்கில் கீழே எழுதினேன்:
"ஆளரவமற்ற கரை. இவ்விடத்தில் நீர் முழங்காலளவு.
அக்கரைத் திட்டிக்கு நடந்தே போகலாம்."

மரிஸ்ரெல்லா அச்சகத்துக்கே வந்துவிட்டார்.
கையில் புத்தகம், அட்டையில் மீன் செதில்.
"இது தடியில்லை, நான்."
இடுப்பில் பறியோடு றால் தடவிக்கொண்டிருந்தாராம்.
நின்றது முருகைக்கல்லின் மேல்.
"கல்லுக்கு இஞ்சால ரண்டு அடி வைச்சியளெண்டா
மண் அள்ளினவங்கள் விட்டிட்டுப் போன கிடங்கு.
உங்கட புத்தகத்தைப் பாத்திட்டு
கம்பஸ் பிள்ளையள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இறங்குதுகள்.
ஒருத்தனை நான்தான் தலைமயிரில பிடிச்சு இழுத்தனான்."

நவரத்தினராசா எழும்பிப் போய்
மின்விசிறியை நிறுத்தினார்.

அடுத்த நாள் அளவுத்தடியோடு போனோம்.
எட்டு அடித் தடி.
அவர் கல்லில் ஏறி நின்று
"உதில விடுங்கோ" என்றார்.
விட்டேன்.
தடி போனது, விரல் போனது,
சட்டைக் கை முழங்கைவரை நனைந்தது,
அடி தட்டவில்லை.
இரண்டு வருடம் இந்தக் கடல்நீரேரியைச் சுற்றி
நடந்து நடந்து எழுதினேன் என்று
முன்னுரையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.
நடந்தது கரையில்தான்.

ஆளரவமற்ற என்ற சொல்லை எடுத்துவிடவும்.
முழங்காலை எடுத்துவிடவும்.
புதிய வரி: "இங்கே இறங்கவேண்டாம்."
இதில் பெரும்பாலும் இல்லை.

படத்தை மாற்றவா என்றேன். வேண்டாமாம்.
பெயரைப் போடவா?
அதுவும் வேண்டாமாம், சங்கத்தில் கேள்வி வரும்.
சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவர்
திரும்பி நின்று கேட்டார்:
"நாரை எத்தினையெண்டு எழுதினனீங்கள்?"
"பதினொன்று."
"பன்ரண்டு. ஒண்டு எனக்குப் பின்னால நிண்டது."

இரவு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.
அவருக்குப் பின்னால்
ஒரு சாம்பல் புள்ளிகூட இல்லை.

நாற்பத்தொன்று, ஆறாம் வரி:
பதினொன்று என்பதைப்
பன்னிரண்டு என்று வாசிக்க.